பங்குனிக் கடலும் பருவத்தின் முதல் போட்டியும்

பாக்குநீரிணையை நீந்திக் கடந்தவர்களின் விபரங்களை எடுத்து, மாதங்களை மட்டும் பாருங்கள். முதலில் கடந்தவரான தொண்டைமானாறு நவரத்தினசாமி நீந்தியது 1954 மார்ச்சில். மிஹிர் சென் நீந்தியது 1966 ஏப்ரலில். தேனியைச் சேர்ந்த 10 வயது மாணவன் ஒருவன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தியது 2019 மார்ச்சில். அதே பாதையில் போய்த் திரும்பி, 28 மணி 19 நிமிடத்தில் விமானப்படை வீரர் ரொஷான் அபேசுந்தர சாதனை படைத்தது 2021 ஏப்ரலில்.

இதில் தற்செயல் எதுவும் இல்லை. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று வடக்குக் கரையை அடித்துக்கொண்டிருக்கும். வைகாசி பிறந்தால் சோளகம் எழும்பிவிடும். இரண்டுக்கும் நடுவே மாசியின் பின்பாதியும் பங்குனியும் சித்திரையும்தான் கடல் படுத்துக்கிடக்கும் காலம். தீவகத்து மீனவர் எவரைக் கேட்டாலும் சொல்லுவார். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் செய்யும் ட்ரையத்லன் போட்டிக்கு வடக்கில் ஒருவர் தயாராகிறார் என்றால், அவருடைய ஆண்டின் முதல் போட்டியும் இந்த இடைவெளியில்தான் வரவேண்டும். கொழும்பில் 2018இல் அயன்மேன் 70.3 போட்டி முதல் தடவையாக நடந்தபோது அதற்கும் பெப்ரவரியைத்தான் தெரிந்தெடுத்தார்கள்.

போட்டியின் கணக்கு எளிது. ஒலிம்பிக் தூரம் என்றால் 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் சைக்கிள், 10 கிலோமீற்றர் ஓட்டம். அதன் பாதி 'ஸ்பிரின்ற்': 750 மீற்றர், 20 கிலோமீற்றர், 5 கிலோமீற்றர். அயன்மேன் என்ற பெயரில் எல்லோரும் கேள்விப்பட்டது 3.8, 180, 42.2. கொழும்பில் நடந்தது அதன் பாதித் தூரம். 1974 செப்ரெம்பரில் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஓட்டக்காரர்கள் சிலர் பயிற்சிக்கு மாற்றாகத் தொடங்கிய விளையாட்டு இது. 1978இல் ஹவாயில் நடந்த முதலாவது அயன்மேனில் தொடங்கியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் சேர்ந்தது.

தொழில்முறை வீரர்களை விட்டுவிடுவோம். இந்த விளையாட்டைத் தாங்கிக்கொண்டிருப்பது பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். ஆசிரியர், வங்கி உத்தியோகத்தர், தாதி, கடைக்காரர் என்று எல்லாரும் இதில் இருக்கிறார்கள். வேலணைத் தீவில், சரவணைக்கும் நாரந்தனைக்கும் அண்டையில் இருக்கும் புளியங்கூடலில் அப்படி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாரி மழையில் பயிற்சி பாதி குலைந்து, தைப்பொங்கலுக்குப் பிறகு உடம்பைத் திரும்பக் கட்டியெழுப்பி, பங்குனியில் ஸ்பிரின்ற் தூரம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். அவருக்கு என்ன காத்திருக்கிறது?

அவருடைய ஊர் இந்த விளையாட்டுக்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. கடல் எந்தப் பக்கமும் கிட்ட. வீதி மேசைபோலத் தட்டை. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டி, வேலணை வழியே ஊர்காவற்றுறை போய்ச் சேரும் தூரம், ஸ்பிரின்ற் போட்டியின் சைக்கிள் தூரத்தோடு கிட்டத்தட்டப் பொருந்தும். சைக்கிளைப் பற்றி இந்த மக்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் நோயாளியையும் விறகையும் நெல்மூட்டையையும் சுமந்து குடாநாட்டை ஓட்டியது சைக்கிள்தான்.

நீச்சலின் கதை வேறு. போர்க்காலத்தில் கடல் பல ஆண்டுகள் தடைசெய்யப்பட்ட இடமாக இருந்தது. மீன்பிடிக்கே நேரமும் எல்லையும் விதிக்கப்பட்ட நாட்களில் பிள்ளைகளை நீந்தப் பழக்க யாரும் கரைக்குக் கூட்டிப்போகவில்லை. தீவகத்தில் பிறந்து, கடலைத் தினமும் பார்த்து வளர்ந்து, நீந்தத் தெரியாமலே நாற்பதைத் தொட்டவர்கள் இருக்கிறார்கள். கடல் ஆழமில்லாததும் இதற்கு ஒரு காரணம். இடுப்பளவு தண்ணீரில் நடந்தே போய்விடலாம் என்றால் நீந்தும் தேவை எங்கே வரும்? தரவைக் கடலில் நின்று விளையாடிய பழக்கத்தை நீச்சல் என்று எண்ணிக்கொள்வதுதான் முதல் ஆபத்து.

ஏனென்றால் ட்ரையத்லனில் ஆட்கள் இறப்பது பெரும்பாலும் தண்ணீரில். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த போட்டிகளை ஆராய்ந்து 2017இல் மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வு இதை எண்களில் காட்டியது. மரணங்களும், இதயம் நின்று மீட்கப்பட்டவர்களுமாக மொத்தம் 135 சம்பவங்கள். அவற்றில் 90 நீச்சலின்போது நடந்தவை. நூற்றுக்கு 85 பேர் ஆண்கள், சராசரி வயது 47ஐ ஒட்டியது. ஒரு இலட்சம் பங்கேற்பாளருக்கு 1.74 என்ற அளவு பெரிதல்லதான். ஆனால் பிரேத பரிசோதனை அறிக்கை கிடைத்த 61 பேரில் 27 பேருக்கு ஏற்கெனவே இதய, இரத்தக்குழாய்க் கோளாறு இருந்திருக்கிறது. அவர்கள் அதை அறிந்திருந்தால் கரையில் நின்றிருப்பார்கள். நாற்பது தாண்டிய ஆண் ஒருவர் முதல் போட்டிக்கு முன் செலவழிக்க வேண்டிய பணம் புதுச் சில்லுக்கோ சப்பாத்துக்கோ அல்ல, வைத்தியரிடம் காட்டி எடுக்கும் ஈ.சீ.ஜி.க்கும் இரத்த அழுத்தப் பரிசோதனைக்கும் போகட்டும். கொலஸ்ரரோலும் நீரிழிவும் வீட்டுக்கு வீடு இருக்கும் சமூகம் இது.

தண்ணீரில் ஏன்? கரையில் நிற்கும்போதே பதற்றத்தில் இதயம் வேகமெடுத்திருக்கும். விசில் ஊதியதும் ஒரே நேரத்தில் ஐம்பது பேர் பாய்கிறார்கள். ஒருவரின் கை மற்றவரின் முகத்தில் படுகிறது. மூச்செடுக்கத் தலையைத் திருப்பும்போது வாயில் உப்புத்தண்ணீர். முகம் தண்ணீரில் அமிழ்ந்தால் இதயத்துடிப்பைக் குறைக்கச் சொல்லும் உடம்பின் இயல்பும், பயத்தில் அதைக் கூட்டச் சொல்லும் இயல்பும் ஒன்றோடொன்று மோதுகின்றன. நல்ல இதயம் இதைத் தாங்கும். ஏற்கெனவே குறையுள்ள இதயத்தின் லயம் தவறலாம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் நம்மவர்கள் மே, யூன் மாத ஏரிகளில் பருவத்தைத் தொடங்குகிறார்கள். அங்கே இதோடு குளிரும் சேர்ந்துவிடுகிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் ஒரு நிமிடம் மூச்சு தன் பாட்டுக்கு இழுக்கும், அடக்க முடியாது. தடித்த இறப்பர் நீச்சலுடை குளிருக்கு உதவும், மிதக்கவும் வைக்கும். நம்முடைய கடலில் அந்த உடுப்புக்கு வேலையில்லை, இந்தச் சூட்டில் அதைப் போட்டால் உள்ளே வெந்துவிடுவோம்.

எனவே முதல் போட்டியின் முதல் ஐந்து நிமிடம் மெதுவாகப் போகவேண்டும். தொடங்குவதற்கு முன் தண்ணீரில் இறங்கி, பத்து நிமிடம் சும்மா நீந்தி, மூச்சை நிதானப்படுத்திக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் முன்வரிசையில் நிற்கக்கூடாது. ஓரத்திலோ பின்னாலோ நின்று, கூட்டம் போனபின் இருபது எண்ணிவிட்டு இறங்கினால் இழப்பது இருபது வினாடி மட்டும். நெஞ்சு இறுகினால், மூச்சு முட்டினால், மல்லாந்து மிதக்கலாம். தவளை நீச்சலுக்கு மாறலாம். கை உயர்த்திப் படகைக் கூப்பிடலாம். படகையோ மிதவையையோ பிடித்துக்கொண்டு ஓய்வெடுப்பதை விதி அனுமதிக்கிறது, பிடித்தபடி முன்னே நகரக்கூடாது, அவ்வளவுதான். இது தெரியாமல், பிடித்தால் நீக்கிவிடுவார்கள் என்று பயந்து மூச்சுத் திணறியபடியே நீந்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

தடாகத்தில் பழகியவருக்குக் கடலில் இன்னொரு சிக்கல் உண்டு. அடியில் கறுப்புக் கோடு கிடையாது. எட்டுப் பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை, முதலை கண்ணை மட்டும் வெளியே நீட்டுவதுபோல, தலையை உயர்த்தித் திசை பார்க்க வேண்டும். மிதவை அலைக்குள் மறையும். ஆகவே அதற்குப் பின்னால் கரையில் தெரியும் உயரமான ஒன்றை முன்கூட்டியே குறித்துக்கொள்வது நல்லது. கோயில் கோபுரமோ, தேவாலய உச்சியோ, தொலைத்தொடர்புக் கோபுரமோ தீவகத்தில் எங்கிருந்தும் ஒன்று தெரியும். தனிப் பனைமரத்தைக் குறிக்காதீர்கள், தண்ணீரிலிருந்து பார்த்தால் எல்லாப் பனையும் ஒன்றுதான். பாலங்களுக்குக் கிட்ட நீந்தவே கூடாது, அவற்றின் கண்களுக்கு அடியில் தண்ணீர் இழுக்கும். ஆழமில்லாத இடத்தில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்துப் போனால் புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப்போகும். மிதித்தால்தான் அது முள்ளால் குத்தும்.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன், தொழிலால் சட்டத்தரணி. 1971இல் பாக்குநீரிணையை இரு திசையிலும் நீந்தினார், எடுத்த நேரம் 51 மணி. ரொஷான் அபேசுந்தர முறியடித்தது ஐம்பது ஆண்டு நின்ற அந்தச் சாதனையைத்தான். 1979 மே மாதத்தில் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் நிற்காமல் சைக்கிள் ஓட்டினார். 1981இல் சென்னை அண்ணா நீச்சல் தடாகத்தில் 80 மணிநேரம் தண்ணீரில் கால் ஊன்றாமல் மிதந்து நின்றார். ட்ரையத்லன் என்ற சொல் இந்த ஊர்களுக்கு வந்துசேருமுன்பே அதன் இரண்டு பகுதிகளில் உலக சாதனை வைத்திருந்த மனிதர் அவர். 1984 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது இறந்தார். அந்தக் கால்வாயின் ஓகஸ்ட் தண்ணீர் நம்முடைய மார்கழிக் கடலைவிடவும் பத்துப் பாகை குளிர்ந்தது. 51 மணிநேரம் நீந்திய உடம்புக்கே இந்தக் கதி என்றால், எந்தக் கடல், எந்த மாதம் என்ற கேள்வியை எவரும் அலட்சியப்படுத்த முடியாது. வல்வெட்டித்துறையில் இன்று அவர் நினைவாக நீச்சல் தடாகம் இருக்கிறது. தீவகத்துப் பிள்ளைகளுக்கு அது தூரம்.

தண்ணீரிலிருந்து எழுந்ததும் அடுத்த வேலை மாற்றிடம். சைக்கிள்கள் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும் இந்த இடத்தில்தான் புதியவர்கள் நிமிடங்களைத் தொலைக்கிறார்கள். படுக்கையிலிருந்ததுபோல நீண்டநேரம் கிடையாய் இருந்துவிட்டு எழுந்து ஓடும்போது தலை சுற்றும். தன் சைக்கிள் எந்த வரிசை என்பதே மறந்துபோகும். விதி ஒன்றை மறந்தால் தண்டனை உண்டு: சைக்கிளைத் தொடுமுன் தலைக்கவசத்தைப் போட்டு வார்ப்பூட்டை மாட்டியிருக்க வேண்டும். கோடு போட்ட இடத்துக்கு அப்பால்தான் ஏறலாம். பார்வைக்கு அழகான சைக்கிள் கட்டாயமில்லை. இரண்டு பிறேக்கும் ஒழுங்காகப் பிடித்து, ஹாண்டிலின் குழாய் முனைகள் அடைக்கப்பட்டிருந்தால் வீட்டில் நிற்கும் லுமாலாவிலும் ஒரு ஸ்பிரின்ற் போட்டியை முடிக்கலாம். திறந்த குழாய் முனை விழும்போது வயிற்றைக் கிழித்துவிடும் என்பதால் வந்த விதி அது. வீட்டு முற்றத்தில் ஒரு துவாயை விரித்து, கவசம், சப்பாத்து, இலக்கப் பட்டி எல்லாவற்றையும் பாவிக்கும் ஒழுங்கில் அடுக்கி, ஈரக் காலோடு பத்துத் தரம் மாற்றிப் பழகினால் போதும். அயலவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

சைக்கிளில் எதிரி காற்று. மேடு இல்லாத வீதி சுகம் என்று நினைப்பவர்கள் பண்ணைப் பாலத்தில் ஒருநாள் சோளகத்துக்கு எதிரே மிதித்துப் பார்க்க வேண்டும். மேட்டில் ஏறினால் இறக்கத்தில் கால் ஆறும். தட்டை வீதியில் கால் ஆறுவதே இல்லை. காற்றின் தடை வேகத்தின் இருமடியாக வளர்கிறது, அதை வெல்லக் கால் கொடுக்கும் சக்தி மும்மடியாக. அதாவது எதிர்காற்றில் வழக்கமான வேகத்தைப் பிடிக்க முயன்றால் ஓட்டத்துக்கு வைத்திருந்த பலத்தையெல்லாம் பாலத்திலேயே கொட்டிவிடுவீர்கள். வேகமானியைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து ஓட்டுவதுதான் வழி. நாலு சொல் சேர்த்துப் பேச முடிகிற அளவில் மிதித்தால் சரி. சோளக காலத்தில் தீவுப் பக்கம் போகும்போது காற்று முகத்தில், திரும்பும்போது முதுகில். வாடையில் இது தலைகீழ், போகும்போது உங்களைப் பெரிய வீரராக்கிவிட்டுத் திரும்பும்போது கணக்கை வசூலிக்கும். பங்குனியில் இரண்டும் அடங்கியிருப்பது முதல் போட்டிக்காரருக்குக் கிடைத்த சலுகை. முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து ஓட்டுவதை அநேகமான அமெச்சூர் போட்டிகள் அனுமதிப்பதில்லை, குறித்த மீற்றர் இடைவெளி விட வேண்டும். நீச்சலில் அது தடையில்லை. முன்னால் நீந்துபவரின் காலடியைப் பின்தொடர்ந்தால் மெய்யாகவே சுலபம்.

காற்று தந்த சலுகையைச் சூரியன் பறித்துக்கொள்ளும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் யாழ்ப்பாணத்தின் நேர் உச்சிக்கு வருகிறது. காற்றில்லாத நாளில் வியர்வை உலராது, உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. சைக்கிளிலேயே சிறிது சிறிதாகக் குடிக்கத் தொடங்க வேண்டும். இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் கணக்குச் சரி. வெறும் தண்ணீரை மட்டும் அளவுமீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு ஐதாகி மயக்கம் வரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். காலையில் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள். அன்றைக்கென்று வாங்கிய ஜெல்லியைவிட, ஒவ்வொரு நாளும் வயிறு ஏற்றுக்கொள்ளும் வாழைப்பழமும் பனங்கட்டித் துண்டும் நம்பகமானவை.

இனி ஓட்டம். சைக்கிளிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது கால் தன்னுடையது அல்ல என்று தோன்றும். ஒரு மணிநேரமாக வட்டமாகச் சுற்றிய தசைக்கு நேராக ஓடச் சொன்னால் உடனே விளங்காது. ஒரு கிலோமீற்றர் போனால் தெளியும். இதற்கு மருந்து, பயிற்சியில் வாரம் ஒருமுறை சைக்கிளை நிறுத்திய கையோடு பத்து நிமிடமாவது ஓடுவது. வேறு இரகசியம் இல்லை. ஓடும்போது ஒருவர் வழி மாறிப் போனாலோ, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, அதைக் களைப்பு என்று விட்டுவிடக்கூடாது. சூட்டு அதிர்ச்சியின் அடையாளம் அதுதான். அவரை வாகனத்தில் ஏற்றுவதற்கு முன் குளிர்விக்க வேண்டும். கழுத்துவரை குளிர்ந்த தண்ணீரில் அமர்த்தினால் மிக நல்லது. தொட்டி இல்லையென்றால் கிணற்றடியே போதும். வாளி வாளியாக ஊற்றிக்கொண்டே அம்புலன்ஸுக்குக் காத்திருக்கலாம். ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போகும் நேரத்தில் மூளை வெந்துபோகும்.

முதல் போட்டி முடிந்தபின் பார்க்க வேண்டியது மொத்த நேரத்தை அல்ல. நீச்சலுக்கு எவ்வளவு, மாற்றிடத்தில் எவ்வளவு, சைக்கிளின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம், ஓட்டத்தின் கடைசிக் கிலோமீற்றர் முதலாவதைவிட எவ்வளவு மந்தம் என்பதையெல்லாம் அன்று மாலையே கொப்பியில் எழுதிவைத்தால், அடுத்த மூன்று மாதம் எதைப் பழக வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. மாற்றிடத்தில் தொலைந்த மூன்று நிமிடத்தை முற்றத்தில் ஒரு கிழமையில் மீட்கலாம். அதே மூன்று நிமிடத்தை நீச்சலில் மீட்க ஒரு வருடம் பிடிக்கும்.

தீவகத்திலேயே இப்படி ஒரு போட்டியை நடத்தலாமா? வீதி இருக்கிறது, ஓட இடம் இருக்கிறது, பங்குனிக் கடல் இருக்கிறது. இளைஞர்களைச் சேர்ப்பது விளையாட்டுக் கழகங்களுக்குப் பெரிய காரியமல்ல. என் பார்வையில் ஒழுங்கமைப்பாளர் முதலில் தேட வேண்டியது அனுசரணையாளரை அல்ல, படகுகளை. பாக்குநீரிணையைக் கடந்தவர்கள் பக்கத்தில் படகு வைத்துக்கொண்டுதான் நீந்தினார்கள். ஆனால் நீந்துபவர்கள் நடுவே இயந்திரப் படகு ஓடினால் அதன் விசிறியே ஆபத்து, அது வெளியே ஒதுங்கி நின்று அவசரத்துக்கு மட்டும் வரட்டும். உள்ளே நிற்க வேண்டியது, பரவைக் கடலில் கோல் ஊன்றித் தள்ளிப்போகும் சிறு வள்ளம். சத்தமில்லை, விசிறியில்லை, பக்கத்தில் பிடித்துத் தொங்கலாம். தீவகத்துக் கரைகளில் அந்த வள்ளமும் உண்டு, அதைத் தள்ளத் தெரிந்த கைகளும் உண்டு. முதல் வருடம் முப்பது பேருக்கு மேல் எடுக்காமல், நானூறு மீற்றருக்கு மேல் நீந்த விடாமல், நிறம் பூசிய பிளாஸ்ரிக் கான்களை மிதவையாகக் கட்டி, ஐந்து பேருக்கு ஒரு வள்ளம் என்று நிறுத்தினால் ஆறு வள்ளம் போதும். மீனவர்கள் வலை இழுத்துத் திரும்பும் நேரத்தைக் கேட்டறிந்து நாளைக் குறிக்க வேண்டும், வெயில் ஏறுமுன் கடைசி ஆள் ஓட்டத்தை முடிக்க வேண்டுமென்றால் காலை ஆறு மணிக்கு முதல் ஆள் தண்ணீரில் இருக்க வேண்டும்.